படகு இன்ஜின் சத்தம்: கரை சேர்ந்ததும் பயணி மறந்துவிடலாம்... நாள் முழுக்க ஓட்டுபவர் காதுக்கு என்ன ஆகும்?

தருமபுரி மாவட்டத்தில் படகு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் பின்னல், ஒரு துடுப்பு, அதைப் போடும் பரிசல் ஓட்டி. அவ்வளவுதான். இன்ஜின் கிடையாது. நீர்வரத்து அதிகரித்தால் பரிசல் இயக்கத் தடை என்று அடிக்கடி செய்தி வரும். ஆனால் சத்தம் என்று ஒரு புகார் வந்ததில்லை. அருவி இரைச்சலைக் கேட்கத்தானே கூட்டமே போகிறது!

அதே காவிரி இன்னும் கீழே போய் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரியும் இடத்தில் நிலைமை வேறு. தருமபுரி மாவட்டம் ஏரியூர் பகுதியில் உள்ள நாகமரை, ஒட்டனூர் கிராமங்களில் இருந்து எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்தின் பண்ணவாடி, கோட்டையூருக்குப் போக மக்கள் நம்பியிருப்பது விசைப்படகுகளை. பேருக்கு இன்னும் ‘பரிசல் துறை’தான். ஓடுவது டீசல் இன்ஜின். சாலை வழியாகப் போனால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் டூ வீலரையும் படகில் ஏற்றிக்கொண்டு கடக்கிறார்கள்.

இந்தப் படகுகளில் ஏறியவர்களுக்குத் தெரியும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கத்த வேண்டும். கரை சேர்ந்ததும் பயணி அதை மறந்துவிடுவார். ஆனால் அதே படகில் திரும்பத் திரும்பப் போய் வருபவர் ஒருவர் இருக்கிறார்: படகை ஓட்டுபவர். அவர் காதுக்கு இது எவ்வளவு ஆபத்து? இதற்குச் சட்டத்தில் அளவு ஏதும் இருக்கிறதா? சத்தத்தைக் குறைக்க வழி உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு: டெசிபல் என்றால் என்ன?

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். மூடி, சைலன்சர் எதுவும் சரியில்லாத டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்றால் 90 டெசிபலைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

60-க்கும் 90-க்கும் நடுவே ஒன்றரை மடங்குதானே வித்தியாசம் என்று நினைத்தால் அது தவறு. டெசிபல் கணக்கு சாதாரண கூட்டல் கணக்கு இல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காதில் வந்து விழும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிறது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் அது 10 மடங்கு. அப்படிப் பார்த்தால் 60-லிருந்து 90-க்குப் போவது 1,000 மடங்கு.

இன்னொரு உதாரணம். 90 டெசிபல் சத்தம் போடும் இன்ஜின் ஒன்று ஓடும்போது அதே மாதிரி இன்னொன்றையும் ஸ்டார்ட் செய்தால் மொத்தம் 180 ஆகாது, 93 தான் ஆகும். மீட்டரில் 3 தான் கூடியிருக்கும். காது வாங்கும் அடியோ இரண்டு மடங்கு.

காரைவிட படகில் சத்தம் அதிகமாக இருப்பது ஏன்?

இரண்டிலும் இருப்பது இன்ஜின்தான். ஆனால் படகில் சத்தம் காதுக்கு வர மூன்று வழிகள் இருக்கின்றன.

• காற்று வழி: இன்ஜினில் இருந்தும் புகைக்குழாயில் இருந்தும் நேரடியாக வருவது. திறந்த படகில் இதுதான் முக்கியம்.

• உடம்பு வழி: இன்ஜினின் அதிர்வு அதைத் தாங்கும் கட்டை, தளம், பக்கச் சுவர் என்று படகு முழுக்கப் பரவுகிறது. இரும்புத் தகடும் ஃபைபர் பலகையும் தோல் கட்டிய பறை மாதிரி அதிர்ந்து அதுவே சத்தம் எழுப்பும். கேபின் கதவைச் சாத்தினாலும் தரையிலிருந்து ‘உம்ம்ம்’ என்று ஒரு உறுமல் கேட்பது இதனால்தான்.

• தண்ணீர் வழி: புரொப்பல்லர் சுற்றும்போது அதன் மேல் இருக்கும் அடிப்பாகத்தைத் தண்ணீர் விட்டு விட்டு அறைகிறது. புரொப்பல்லர் இதழ் வளைந்திருந்தாலோ ஷாஃப்ட் நேராக இல்லாவிட்டாலோ இது இன்னும் மோசமாகும்.

திறந்த வெளியில் சத்தத்தை விட்டு விலகிப் போகலாம். தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். சின்னப் படகில் விலக இடம் ஏது? சிறிய கேபினுக்குள் சுவர், கூரை, கண்ணாடி எல்லாம் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும். அதனால் மூலையில் போய் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓடுபவை மூடிய கேபின் கொண்ட சொகுசுப் படகுகள் அல்ல. அந்த வகையில் எதிரொலி குறைவு. ஆனால் இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே தடுப்புச் சுவரும் இல்லை.

எத்தனை டெசிபலை எவ்வளவு நேரம் தாங்கலாம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. காதைப் பாதிப்பது சத்தத்தின் அளவு மட்டும் இல்லை, அந்த அளவில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதும்தான். வெயில் மாதிரி. 5 நிமிடம் நின்றால் ஒன்றும் ஆகாது, நாள் முழுக்க நின்றால் மயக்கம் வரும்.

அமெரிக்காவின் தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் (நியோஷ்) பரிந்துரைக்கும் அளவு, ஒரு நாளைக்கு:

• 85 டெசிபல் – 8 மணி நேரம்
• 88 டெசிபல் – 4 மணி நேரம்
• 91 டெசிபல் – 2 மணி நேரம்
• 94 டெசிபல் – 1 மணி நேரம்
• 100 டெசிபல் – 15 நிமிடம்

இந்தியாவில் தொழிற்சாலைகளுக்கு வகுக்கப்பட்ட அளவு:

• 90 டெசிபல் – 8 மணி நேரம்
• 95 டெசிபல் – 4 மணி நேரம்
• 100 டெசிபல் – 2 மணி நேரம்
• 105 டெசிபல் – 1 மணி நேரம்
• 115 டெசிபல் – 15 நிமிடம், அதற்கு மேல் அனுமதியே இல்லை

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 டெசிபல் இருக்கும் இடத்தில் ஒரு கணக்கு 15 நிமிடம் போதும் என்கிறது. இன்னொரு கணக்கு 2 மணி நேரம் இருக்கலாம் என்கிறது. காரணம் என்ன? முதல் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. ஒலி ஆற்றல் இரண்டு மடங்காவதால் நேரமும் பாதியாக வேண்டும் என்ற நேரடி லாஜிக். இரண்டாவது கணக்கில் 5 டெசிபல் கூடினால்தான் நேரம் பாதியாகும்.

ஒரே ஆள், ஒரே படகு... இரண்டு ரிசல்ட்!

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு படகில் இன்ஜினை ஒட்டி 95 டெசிபல். பயணிகள் உட்காரும் முன்பகுதியில் 88 டெசிபல். ஒரு தடவை கடக்க 20 நிமிடம்.

பயணி: காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மொத்தம் 40 நிமிடம். 88 டெசிபலுக்கு நியோஷ் கணக்கில் 4 மணி நேரம் வரை இருக்கலாம். இவர் அதில் ஆறில் ஒரு பங்குதான் பயன்படுத்துகிறார். கவலை இல்லை.

ஓட்டுபவர்: ஒரு நாளைக்கு 12 முறை கடக்கிறார் என்றால் 4 மணி நேரம். 95 டெசிபலுக்கு 4 மணி நேரம் என்பது இந்தியத் தொழிற்சாலை அளவில் சரியாக எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் நியோஷ் கணக்கில் 95 டெசிபலுக்கு சுமார் 47 நிமிடம்தான் அனுமதி. அப்படிப் பார்த்தால் இவர் வாங்குவது எல்லையைப் போல 5 மடங்கு!

அதாவது, அதே ஆள், அதே வேலை. ஒரு பேப்பரில் ‘பாதுகாப்பு’, இன்னொரு பேப்பரில் ‘ஆபத்து’. இதில் வேடிக்கை என்னவென்றால், தாராளமான அந்த இந்திய அளவுகூட தொழிற்சாலைத் தொழிலாளிக்காக எழுதப்பட்டது. ஆற்றில் படகு ஓட்டுபவர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலையே இல்லை.

பெரிய கப்பலுக்கு விதி உண்டு... சின்னப் படகுக்கு?

கப்பல்களில் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு (ஐஎம்ஓ) தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2014 ஜூலை 1 முதல் கட்டாயமான அதன் விதித்தொகுப்புப்படி:

• 1,600 டன்னுக்கு மேல், 10,000 டன்னுக்குள் உள்ள கப்பலில் தூங்கும் கேபினில் 60 டெசிபல்
• 10,000 டன்னும் அதற்கு மேலும் என்றால் 55 டெசிபல்
• கப்பலை இயக்கும் மேல்தள அறையில் 65 டெசிபல்
• இன்ஜின் அறையில் 110 டெசிபல்
• ஒரு மாலுமி 24 மணி நேரத்தில் வாங்கும் சராசரி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது

இங்கே டன் என்பது கப்பலின் எடை அல்ல, அதன் உள் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படும் மொத்த டன்னேஜ். 1,600-க்குக் கீழே உள்ள கப்பல்களுக்கு இது கட்டாயம் இல்லை. அதோடு மீன்பிடிப் படகுகளும், வணிகத்தில் ஈடுபடாத சொகுசுப் படகுகளும் இந்த விதித்தொகுப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பொழுதுபோக்குப் படகுகளுக்கான 2013-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதி, இன்ஜின் திறனைப் பொறுத்து 67, 72, 75 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. ஆனால் அது படகு கடந்து போகும்போது வெளியே கேட்கும் சத்தத்துக்கு. கரையில் இருப்பவர் தூக்கம் கெடக் கூடாது என்பதற்காக. படகுக்குள் இருப்பவர் காதுக்காக அல்ல.

சுருக்கமாகச் சொன்னால், படகு எவ்வளவு சின்னதோ, இன்ஜின் அவ்வளவு பக்கத்தில். ஆனால் விதி அவ்வளவு தூரத்தில்.

ஆற்றில் சில மணி நேரம்... கடலில் வாரக்கணக்கில்

இந்தப் பிரச்னையின் பெரிய முகம் தமிழகக் கடலோரத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒரு முறை கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இன்ஜின் அறை கீழே, வீல்ஹவுஸ் மேலே. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதே படகில், அதே இன்ஜினைச் சுற்றித்தான்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டுபவருக்கு ராத்திரி காது ஓய்வெடுக்கும். ஆழ்கடல் மீனவருக்கு அந்த ஓய்வும் இல்லை. 8 மணி நேர வேலை, 16 மணி நேர ஓய்வு என்பதை வைத்துத்தான் மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் போடப்பட்டிருக்கின்றன. தூங்கும் இடத்திலும் இன்ஜின் உறுமினால் அந்தக் கணக்கே உடைந்துவிடும்.

மீன்பிடிப் படகில் தங்கும் இடத்துக்குச் சத்தக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லும் சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2007-ல் கொண்டுவந்த மீன்பிடித் தொழில் உடன்படிக்கை அது. 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்த நாடுகளின் பட்டியலில் இல்லை.

‘காது பழகிடுச்சு’ – உண்மையில் நடப்பது என்ன?

சத்தத்தில் வேலை செய்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, ‘ஆரம்பத்துல கஷ்டமா இருந்துச்சு, இப்போ காது பழகிடுச்சு’. மருத்துவம் சொல்வது வேறு. காது பழகுவதில்லை, கேட்கும் திறன் குறைகிறது.

உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்த நுண்ணிய முடிச் செல்கள் இருக்கின்றன. அதிக சத்தத்தில் அவை துவண்டுபோகும். படகை விட்டு இறங்கியதும் காதில் ‘ஙொய்’ என்று ஒரு ரீங்காரம், பஞ்சு வைத்த மாதிரி ஓர் அடைப்பு. இதுதான் முதல் எச்சரிக்கை. ஓய்வு கொடுத்தால் சரியாகும். தினமும் இதே நடந்தால் செல்கள் செத்துப்போகும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

முதலில் போவது மெல்லிய, உச்சமான ஒலிகள். இதனால் ‘பேசுறது கேக்குது, ஆனா என்னன்னு புரியல’ என்ற நிலை வரும். ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ மூன்றும் ஒரே மாதிரி கேட்கும். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வார். குடும்பம் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடும்.

தண்ணீரில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. பயணி போடும் கூச்சல், பக்கத்துப் படகின் ஹார்ன், வயர்லெஸ்ஸில் வரும் எச்சரிக்கை, இன்ஜினே கொடுக்கும் வித்தியாசமான சத்தம். இவை எல்லாம் ஓட்டுபவர் காதை நம்பித்தான் இருக்கின்றன.

சத்தத்தால் வரும் கேட்புத்திறன் இழப்பு, தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் மூன்றாவது அட்டவணையில் தொழில்சார் நோயாகவே பட்டியலிடப்பட்டது. அதாவது இது ‘வயசுக் கோளாறு’ இல்லை, வேலை கொடுக்கும் நோய் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் சிறந்த வழி. காதுக்கு அடைப்பான் கடைசி வழி.

• சைலன்சர்: ஓட்டை விழுந்த, துருப்பிடித்த சைலன்சரை மாற்றுவது முதல் வேலை. புகைக்குழாயின் வாய் ஓட்டுபவர் பக்கம் பார்க்காமல் திருப்பி வைக்கலாம்.

• ரப்பர் மவுண்டிங்: இன்ஜினுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் நடுவே பொருத்தமான ரப்பர் தாங்கி இருந்தால் படகு உடம்புக்கு அதிர்வு இறங்குவது குறையும். கெட்டிப்போன பழைய ரப்பரால் பயனில்லை.

• ஷாஃப்ட், புரொப்பல்லர்: ஷாஃப்ட் நேராக இருக்கிறதா, இதழ்கள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்தால் சத்தத்தோடு டீசலும் மிச்சமாகும்.

• இன்ஜின் பெட்டி: கனமான பலகையால் மூடி, உள்பக்கம் தீப்பிடிக்காத ஒலி உறிஞ்சும் பொருளை ஒட்டலாம். சின்ன இடைவெளி இருந்தாலும் அந்த வழியாகச் சத்தம் வெளியே வந்துவிடும். அதற்காகக் காற்று போகும் வழியை அடைக்கக் கூடாது. இன்ஜினுக்குக் காற்று வேண்டும், சூடும் வெளியேற வேண்டும். தெர்மாகோல், பழைய மெத்தைப் பஞ்சு போன்றவற்றை இன்ஜின் பக்கத்தில் வைப்பது தீ விபத்துக்கு வழி.

• காது அடைப்பான்: நுரையால் ஆன இயர் பிளக்கை உருட்டி, சரியாகச் செருகினால் நல்ல பாதுகாப்பு கிடைக்கும். சாதாரணப் பஞ்சு பெரிதாக உதவாது. இயர்போனில் பாட்டு வைத்து இன்ஜின் சத்தத்தை அமுக்குவது மிக மோசம். இரண்டு சத்தமும் சேர்ந்து காதுக்குள் போகும்.

• கை சைகை: பிளக் போட்டிருக்கும்போது நிறுத்து, மெதுவாகப் போ, ஆபத்து என்பதற்குக் கை சைகைகளை முன்பே பேசிவைத்துக்கொள்வது அவசியம்.

இன்ஜினையே மாற்றினால்?

அதற்கும் பக்கத்து மாநிலத்தில் உதாரணம் இருக்கிறது. பெரியாரின் போராட்டத்தால் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த வைக்கத்தில், 2017 ஜனவரியில் கேரள அரசின் நீர்வழிப் போக்குவரத்துத் துறை ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகை விட்டது. வைக்கம் – தவணக்கடவு இடையே 75 பயணிகளுடன் கடக்கும் இந்தப் படகு பேட்டரியில் ஓடுகிறது. அடுத்து 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ மின்சாரப் படகுகளுடன் தொடங்கியது.

மின் மோட்டாரில் உள்ளே வெடிப்பு இல்லை, புகைக்குழாய் இல்லை. அதனால் காற்று வழியாகவும் உடம்பு வழியாகவும் வரும் சத்தம் பெருமளவு குறையும். புரொப்பல்லர் சத்தமும் தண்ணீர் சத்தமும்தான் மிச்சம். டீசல் செலவு, புகை பற்றித்தான் இந்தப் படகுகளைப் பற்றிய பேச்சு அதிகம். ஓட்டுபவரின் காது தப்பித்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

நாகமரை, ஒட்டனூர் பக்கம் மக்கள் நெடுங்காலமாகக் கேட்பது பாலம். பாலம் வந்தால் இந்தக் கடவே தேவைப்படாமல் போகலாம். அதுவரை டீசல் படகு ஓடத்தான் போகிறது.

மீட்டர் இல்லாமல் சோதிப்பது எப்படி?

கை நீட்டினால் தொடும் தூரத்தில், அதாவது சுமார் ஒரு மீட்டரில், ஒருவர் நிற்கிறார். அவரிடம் பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அங்கே சத்தம் 85 டெசிபல் அளவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கத்தினால்தான் கேட்கும் என்றால் அதைவிட அதிகம்.

போனிலும் அளக்கலாம். நியோஷ் வெளியிட்ட இலவச ஆப் ஐபோனுக்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் மைக் ஒவ்வொரு மாடலுக்கும் மாறும் என்பதால் அங்கே வரும் எண்ணைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். போனை ஓட்டுபவரின் காது உயரத்தில், காற்று நேராக மைக்கில் அடிக்காதபடி ஒரு நிமிடம் பிடித்து, சராசரி எண்ணைப் பாருங்கள். நடுவில் வரும் உச்ச எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

படகு ஓட்டுபவர், இன்ஜின் மெக்கானிக், ஆழ்கடல் மீனவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை கேட்புத்திறன் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம். ஒரு முறை போன கேட்புத்திறனைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.